கேலிச் சித்திரத்துக்குப் போலீஸ் எதற்கு?

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களில் நம் தோழர்கள் ஊர் ஊராகச் சென்று "மந்திரமா? தந்திரமா?" என்னும் விஞ்ஞான விளக்கக் காட்சிகளை நடத்தி வருவதை வாசகர்கள் அறிவார்கள். தீக்குச்சியில்லாமல் ஓமகுண்டத்தில் நெருப்பு மூட்டுவது, எலுமிச்சம்பழத்தை அறுத்து இரத்தம் வரவழைப்பது, எரிகிற கற்பூரத்தை நாக்கில் வைப்பது முதலிய வித்தைகளை மேடையில் செய்துகாட்டி, பிறகு அவற்றின் குட்டை உடைத்து, இதில் தெய்வமும் இல்லை, ஆவியும் இல்லை, செய்கிறவனுடைய கைச்சாமர்த்தியமும் பார்க்கிறவனுடைய அறியாமையுமே இருக்கின்றன என்று எடுத்துச் சொல்லுவதே அக்காட்சிகளின் நோக்கமாகும்.

இப்பொழுது சில தோழர்கள் நமக்கு எழுதியிருப்பது என்னவென்றால், இக்காட்சிகளைப் பரிகாசம் செய்து படம் போட்டுப் பரப்புகிறார்கள். நம் பேச்சாளரைக் குறளி வித்தைக்காரனாகவும், கேட்கிற ஜனங்களை வாய்பிளந்த பொம்மைகளாகவும் வரைந்திருக்கிறார்கள். விஞ்ஞானத்தையே அவமதிக்கும் இக்காரியத்தை நாம் சும்மா விடலாமா, போலீசில் ஒரு புகார் கொடுத்தாலென்ன என்பதாகும்.

நமது பதில் சுருக்கமானது. போலீசுக்குப் போக வேண்டாம். அந்தப் படத்துக்கு ஒரு சட்டம் போட்டு, அடுத்த காட்சியில் மேடைக்குப் பக்கத்திலேயே ஜனங்கள் நன்றாகப் பார்க்கும்படி மாட்டி வையுங்கள் என்றுதான் சொல்லுவோம். ஏன் அப்படிச் சொல்லுகிறோம் என்பதைச் சற்று விவரமாகவே எழுத விரும்புகிறோம். ஏனெனில் இது ஒரு படத்தைப் பற்றிய சங்கதி மாத்திரமல்ல. நமது காட்சிகள் யாருக்காக, எதற்காக நடக்கின்றன என்பதைப் பற்றிய சங்கதியுமாகும்.

முதலாவது, "மனம் புண்படுகிறது" என்று போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுவது யாருடைய வழக்கம்? 1927ம் வருஷத்தில் வெள்ளைக்கார சர்க்கார் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 295-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. மத உணர்ச்சியை வேண்டுமென்றே புண்படுத்துகிறவர்களைத் தண்டிப்பதற்காக ஏற்பட்ட அப்பிரிவு, வெள்ளைக்காரன் போன பிறகும் போகவில்லை. 2024 ஜூலையில் அமுலுக்கு வந்த புதிய சட்டத்திலும் 299 என்று நம்பர் மாறி உட்கார்ந்துகொண்டிருக்கிறது. இந்தப் பிரிவைக் கையில் எடுத்துக்கொண்டு பகுத்தறிவுக்காரன் வாயை அடைக்க ஓடிவருகிறவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்கள் நடந்த பாதையிலேயே நாமும் நடந்து, "எங்கள் மனமும் புண்பட்டது" என்று அதே கதவைத் தட்டினால், அவர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம் இருக்கிறது என்று கேட்கின்றோம். புண்படுவதற்கென்று ஒரு புனிதம் இருந்தாலல்லவா புண்படும்? விஞ்ஞானத்துக்குப் புனிதம் என்பது கிடையாது. அதற்கு இருப்பதெல்லாம் சோதனையும் முடிவும்தான். சோதனை சரியாயிருந்தால் ஆயிரம் படம் போட்டாலும் முடிவு மாறாது. சோதனை தப்பாயிருந்தால் ஆயிரம் போலீஸ் வந்தாலும் முடிவு நிற்காது.

அன்றியும், பரிகாசம் என்பது நமது இயக்கத்துக்குப் புதிதா? 1925ல் ஈரோட்டில் "குடி அரசு" பிறந்தது முதற்கொண்டு, புரோகிதப் பித்தலாட்டத்தையும் புராணப் புளுகையும் சிரிக்கச் சிரிக்கச் சந்தியிலே நிறுத்தியவர்கள் நாம். பெரியார் "சித்திரபுத்திரன்" என்ற பெயரில் எழுதிய பரிகாசங்களைப் படித்து வைதிகர்கள் எரிந்து விழுந்தபோது, "பதில் இருந்தால் சொல், இல்லாவிட்டால் சும்மா இரு" என்றே நமது கூட்டத்தார் சொன்னார்கள். 1931 ஆகஸ்டில் சுயமரியாதை மாகாண மாநாடு இதே விருதுநகரில்தான் கூடிற்று. அந்த மாநாட்டு ஊரிலிருந்தா, "எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், காப்பாற்றுங்கள்" என்று மனுப் போவது? கொடுக்கத் தெரிந்தவனுக்கு வாங்கிக்கொள்ளவும் தெரிய வேண்டாமா?

நிற்க, விஞ்ஞானக் காட்சியைக் கேலி செய்து படம் போடுவது இந்த ஊரில் இன்றைக்குத் தோன்றியதல்ல. இருநூற்றிருபது வருஷங்களுக்கு முன்பே, அதுவும் விஞ்ஞானத்துக்குத் தாய்வீடு என்று சொல்லப்படுகிற லண்டன் பட்டணத்திலேயே, இது நடந்திருக்கிறது. அந்தக் கதையை நம் தோழர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

லண்டனில் 1799ல் "ராயல் இன்ஸ்டிடியூஷன்" என்று ஒரு விஞ்ஞானச் சங்கம் ஏற்பட்டது. அங்கே பொதுஜனங்களுக்கு முன்னால் வாயுக்களையும் அமிலங்களையும் வைத்துச் சோதனைகள் செய்து காட்டுவார்கள். பார்ப்பதற்குச் சீமான்களும் சீமாட்டிகளும் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். அப்போது லண்டனில் ஜேம்ஸ் கில்ரே என்று ஒரு கேலிச் சித்திரக்காரர் இருந்தார். ராஜாவையும் மந்திரியையும் நெப்போலியனையும் விட்டுவைக்காத கை அவருடையது. அவர் 1802 மே மாதத்தில் இந்தச் சங்கத்தின் காட்சியைப் படமாகப் போட்டார். விரிவுரையாளர் ஒருவர் ஒரு பெரிய மனிதருடைய மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் வாயுவைச் செலுத்துகிறார். செலுத்திய வாயு அந்தக் கனவானுடைய பின்புறமாகக் கால்சட்டையைக் கிழித்துக்கொண்டு, நம்மூர்ப் புஸ்வாணம் போலச் சீறி வெளியே வருகிறது. பக்கத்தில் ஒரு வாலிபன் கையில் துருத்தியை வைத்துக்கொண்டு குறும்பாகச் சிரிக்கிறான். கதவோரமாகச் சங்கத்தை ஸ்தாபித்த ரம்ஃபர்டு பிரபு ஒன்றும் தெரியாதவர் போலப் புன்சிரிப்போடு நிற்கிறார். சுற்றிலும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் சிலர் குறிப்பெழுதுகிறார்கள், சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள், சிலர் விழிக்கிறார்கள். இவ்வளவுதான் படம்.

அதற்காக அந்தச் சங்கம் கில்ரேயைச் சிறையில் தள்ளவில்லை. சங்கமும் இடிந்து விழவில்லை. இன்றைக்கும் அதே தெருவில், அதே இடத்தில் அது நடந்துவருகிறது. துருத்தியைப் பிடித்துக்கொண்டு சிரித்த அந்த வாலிபன் யார் தெரியுமா? அவன்தான் ஹம்ப்ரி டேவி. அப்போது அவனுக்கு வயது 23. படம் வந்த ஐந்தாவது வருஷத்தில், 1807ல், மின்சாரத்தைச் செலுத்திப் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்தான். அடுத்த வருஷத்தில் பேரியம், ஸ்ட்ரான்ஷியம், கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றைப் பிரித்தெடுத்தான்.

சிவகாசித் தோழர்களுக்கு இந்தப் பெயர்கள் புதிதா? வெடியுப்பிலே இருப்பது பொட்டாசியம். மத்தாப்புக்குச் சிவப்புத் தருவது ஸ்ட்ரான்ஷியம். பச்சை தந்துவந்தது, 2018ல் சுப்ரீம் கோர்ட்டு பட்டாசுக்கு ஆகாது என்று தடுத்த பேரியம். கில்ரே எவனைத் துருத்திக்காரனாக வரைந்து உலகத்தைச் சிரிக்க வைத்தாரோ, அவன் பிரித்துப் பெயரிட்ட சரக்குகளைக் கொண்டே நமது ஜில்லாவில் லட்சக்கணக்கான குடும்பங்களில் அடுப்பு எரிகிறது. சிரிப்பினால் விஞ்ஞானத்துக்கு என்ன குறைந்துபோயிற்று?

இன்னொரு படத்தையும் சொல்லுவோம். அதே 1802ல், அடுத்த மாதத்திலேயே, கில்ரே அம்மைகுத்துவதைக் கேலி செய்து ஒரு படம் போட்டார். எட்வர்டு ஜென்னர் என்ற வைத்தியர் மாட்டம்மைப் பாலைக் குத்தினால் மனிதனுக்கு வைசூரி வராது என்று கண்டுபிடித்துச் சொன்ன புதிது. குத்திக்கொண்டவர்களுடைய கையிலும் மூக்கிலும் முதுகிலும் குட்டி மாடுகள் முளைத்துக் கிளம்புவதாக அந்தப் படம் காட்டிற்று. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் முடிவு என்ன? இந்தியாவில் 1975க்குப் பிறகு வைசூரி கிடையாது. உலகத்திலேயே அது ஒழிந்தது என்று 1980 மே மாதத்தில் உலக சுகாதார சபை பிரகடனம் செய்தது. சாத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் இருக்கன்குடி மாரியம்மனுக்கு எத்தனை தலைமுறையாக எத்தனை பேர் கண்மலரும் உருவமும் செலுத்தியிருப்பார்கள்? எத்தனை ஆடு, கோழி போயிருக்கும்? ஒரு தெருவிலாவது வைசூரி நின்றதா? நிறுத்தியது ஊசி. அந்த ஊசியைப் பார்த்துச் சிரித்தவர்களுடைய பேரப்பிள்ளைகளையும் அதே ஊசிதான் காப்பாற்றிற்று. "என்னைக் கேலி செய்தவன் வம்சத்துக்குப் பலிக்கமாட்டேன்" என்று ஊசி கோபித்துக்கொள்ளவில்லை. அப்படிக் கோபித்துக்கொள்ளுவது சாமிகளின் குணமே தவிர மருந்தின் குணமல்ல.

ஆகவே, பரிகாசத்தைத் தாங்குவது என்பது உண்மைக்கு ஒரு உரைகல் என்பது விளங்கும். இந்த அளவோடு நிறுத்திவிட்டால் நமக்குச் சவுகரியந்தான். ஆனால் படத்தைப் பார்த்துக் கோபப்படாமலிருப்பது மாத்திரம் போதாது. அதில் ஏதாவது உண்மை இருக்கிறதா என்று பார்ப்பதே பகுத்தறிவுக்காரனுடைய வேலையாகும்.

கில்ரேயின் படத்தில் ஒரு பெரிய உண்மை இருந்தது. என்னவெனில், அந்தக் கூட்டத்தில் பட்டும் இறகும் அணிந்த கனவான்களும் சீமாட்டிகளும் இருந்தார்களே தவிர, கைத்தொழில் செய்கிற ஒருவனும் இல்லை. சங்கம் ஆரம்பிக்கப்பட்டபோதோ உத்தேசம் வேறாக இருந்தது. நல்ல அடுப்பு, நல்ல விளக்கு, நல்ல யந்திரம் ஆகியவற்றின் ஞானம் ஏழை எளியவர்களுக்கும் தொழிலாளிகளுக்கும் போய்ச் சேரவேண்டும் என்று ரம்ஃபர்டு திட்டம் போட்டார். தொழிலாளிகள் உட்கார்ந்து கேட்பதற்கென்று மேல்மாடமும், அதற்கு ஏறிப்போகத் தனியாக ஒரு கல் படிக்கட்டும் கட்டப்பட்டன. தனிப் படிக்கட்டு என்றாலே அதில் என்ன நாற்றம் அடிக்கிறது என்பது நம் நாட்டு மக்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தனிப் படிக்கட்டுங்கூட நிலைக்கவில்லை. பிரான்சில் நடந்த புரட்சியைக் கண்டு பயந்திருந்த பிரபுக்கள், கீழே இருப்பவன் விஞ்ஞானம் படித்தால் நாளைக்கு நம்மையே கேள்வி கேட்பான் என்று எண்ணினார்கள். தொழிலாளிகளுக்கான திட்டம் கைவிடப்பட்டது. படிக்கட்டும் பெயர்க்கப்பட்டது. மிஞ்சியது என்ன? பொழுது போகாத சீமான்கள் வந்து பார்த்து வியந்து போகிற ஒரு வேடிக்கை. அந்த வேடிக்கையைத்தான் கில்ரே படமாகப் போட்டார்.

வேடிக்கையாகப் பார்ப்பதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். டேவி ஆராய்ச்சி செய்த வாயுக்களில் ஒன்று நைட்ரஸ் ஆக்சைடு. முகர்ந்தால் சிரிப்பும் மயக்கமும் வருவதால் அதற்குச் சிரிப்பு வாயு என்றே பெயர் வந்தது. இது வலியைப் போக்குகிறது, ரண சிகிச்சைக்கு உதவலாம் என்று டேவி 1800லேயே புத்தகத்தில் எழுதிவிட்டார். யார் கவனித்தார்கள்? சீமான்கள் முகர்ந்து சிரித்தார்கள். அமெரிக்காவில் டிக்கட் போட்டு, மேடையில் ஆட்களை ஏற்றி முகரவைத்து, அவர்கள் தள்ளாடி விழுவதைப் பார்த்துக் கைதட்டினார்கள். 1844ல் அப்படிப்பட்ட ஒரு காட்சியில், வாயுவை முகர்ந்த ஒருவன் காலில் அடிபட்டு இரத்தம் ஒழுகியும் வலி தெரியாமல் இருந்தான். கூட்டம் சிரித்தது. கூட்டத்தில் இருந்த ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் வைத்தியர் ஒருவர் மாத்திரம், "இவனுக்கு ஏன் வலிக்கவில்லை?" என்று கேட்டார். மறுநாளே அந்த வாயுவை முகர்ந்து தன் பல்லையே பிடுங்கச் செய்து பார்த்தார். மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்யும் வழி அந்தக் கேள்வியிலிருந்து திறந்தது. இடையில் போன நாற்பத்து நாலு வருஷங்களில் எத்தனை ஜீவன்களைக் கையையும் காலையும் கட்டிப்போட்டு, அலற அலற அறுத்திருப்பார்கள்? "ஏன்?" என்ற ஒரு கேள்வி தாமதப்பட்டதற்கு மனிதன் கொடுத்த விலை அது.

இப்பொழுது நம் ஊருக்கு வருவோம். நம்முடைய காட்சியிலும் ஒருவன் மேடையில் நெருப்பு வரவழைக்கிறான். ஜனங்கள் "ஆகா!" என்கிறார்கள். பெர்மாங்கனேட்டும் கிளிசரினும் சேர்ந்தால் தானாகவே தீப்பிடிக்கும் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த வித்தைக்குப் போனால், பார்த்தவன் எதைக் கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போகிறான்? நேற்றுச் சாமியார் பெயரைச் சொல்லி வியந்தவன் இன்றைக்குப் பெர்மாங்கனேட்டின் பெயரைச் சொல்லி வியக்கிறான். ஆள் மாறிற்று, வாய்பிளப்பது மாறவில்லை. காரணத்தைத் தன் வாயாலேயே திருப்பிச் சொல்லும்படி ஜனங்களைச் செய்யாத காட்சி எவ்வளவு நன்றாக நடந்தாலும் அது இன்னொரு அற்புதமே தவிர விஞ்ஞானமாகாது. கேலிச் சித்திரக்காரன் வரைந்த வாய்பிளந்த பொம்மைகளுக்கு இதுதான் பொருள் என்றால், அவன் நமக்கு இனாமாக உபகாரம் செய்திருக்கிறான் என்றே சொல்லுவோம்.

நல்ல காட்சி எப்படியிருக்கும் என்பதற்கும் நமக்கு உதாரணம் உண்டு. 1995 செப்டம்பரில் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று தேசம் முழுவதும் செம்பும் கரண்டியுமாக ஓடிற்று. அப்பொழுது மத்திய சர்க்காரைச் சேர்ந்த விஞ்ஞானிகள் பாலில் சாயத்தைக் கலந்து காட்டினார்கள். கரண்டியிலிருந்த பால் விக்கிரகத்தின் மேல் மெல்லிய ஏடாக இழுபட்டுக் கீழே வழிவதைச் சாயம் காட்டிக் கொடுத்துவிட்டது. பார்த்தவன் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். யாரையும் நம்ப வேண்டியதில்லை. அந்த விஞ்ஞானியைக்கூட நம்ப வேண்டியதில்லை. அதுதான் விஞ்ஞானக் காட்சி.

இதைச் சிவகாசியில் வைத்து எண்ணிப் பாருங்கள். இந்த ஊருக்குப் பெரிய தொழில்கள் மூன்று: தீப்பெட்டி, பட்டாசு, அச்சு. 1922ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தது இந்த ஊர்ச் சரித்திரம். ஜோசியனிடம் போய் மழை எப்போது பெய்யும் என்று கேட்டுக்கொண்டு வானம் பார்த்த பூமியிலேயே அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. போனார்கள், பார்த்தார்கள், "எப்படி?" என்று கேட்டார்கள், செய்தார்கள். அந்தத் தீக்குச்சியே ஒரு விஞ்ஞானக் காட்சியல்லவா? குச்சியின் முனையில் குளோரேட்டு, பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸ், இரண்டும் உரசினால் நெருப்பு. லண்டன் சீமான்கள் டிக்கட் வாங்கிப் பார்த்ததைக் காட்டிலும் நல்ல காட்சியை நமது பெண்கள் தினந்தோறும் கையாலேயே செய்து அடுக்குகிறார்கள். ஆனால் அதன் காரணத்தை அவர்களுக்கு எவன் சொன்னான்?

சொல்லாததன் பலனைத்தான் வருஷந்தோறும் பார்க்கிறோம். இந்தக் கலவையைத் தொழிலாளிகள் மருந்து என்றே சொல்லுகிறார்கள். மருந்து கலக்கும்போது உராய்வு, மருந்து செலுத்தும்போது உராய்வு, மீந்த மருந்தில் ஈரம் ஏறிச் சூடு என்று பத்திரிகையில் நாலு வரி வருகிறது. செத்தவர்களுடைய வீட்டில் "விதி" என்கிறார்கள். "நேரம் சரியில்லை" என்கிறார்கள். ஆயுதபூசைக்குப் பூசணிக்காய் சரியாக உடைக்கவில்லையோ என்று சந்தேகப்படுகிறார்கள். 2012 செப்டம்பர் 5ந் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் அந்தத் தொழிற்சாலையின் ஆட்களல்லர். புகையைக் கண்டு உதவிக்கு ஓடியவர்களும் பார்க்கப் போனவர்களும் ஆவார்கள். எரிகிற மருந்துக்குப் பக்கத்தில் இருக்கிற மருந்து என்ன செய்யும், எவ்வளவு தூரத்தில் நிற்கவேண்டும் என்பதை ஒரு நாளாவது அவர்களுக்கு ஒருவன் செய்துகாட்டிச் சொல்லியிருந்தால், அவர்களில் எத்தனை பேர் இன்று உயிரோடிருப்பார்கள்? விதியா அவர்களைக் கொன்றது? சொல்லாமல் விட்டவர்களுடைய அலட்சியம் கொன்றது என்றே சொல்லுவோம்.

டேவியின் கதையில் இதற்கும் பாடம் இருக்கிறது. இங்கிலாந்தில் 1812ல் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் வாயு வெடித்து 92 பேர் மாண்டார்கள். அங்கேயும் "கடவுள் சித்தம்" என்று சொல்லப் பாதிரிகள் இல்லாமலில்லை. ஆனாலும் டேவியைக் கூப்பிட்டு வழி கேட்டார்கள். அவர் 1815ல், சுடரைச் சுற்றிக் கம்பிவலை போட்டு, வெளியிலுள்ள வாயுவில் நெருப்புப் பிடிக்காத விளக்கைச் செய்துகொடுத்தார். விளக்கு வந்துவிட்டது என்ற தைரியத்தில் முதலாளிகள் அதைக் காட்டிலும் அபாயமான சுரங்கங்களுக்கும் ஆளை இறக்கினார்கள் என்பது அதன் மறுபாதி. ஆகவேதான் விஞ்ஞானம் முதலாளியின் பெட்டியில் இருந்தால் மாத்திரம் போதாது, தொழிலாளியின் மூளையிலும் இருக்கவேண்டும் என்கிறோம்.

இனி அச்சுத் தொழிலைப் பார்ப்போம். 1899ல் இதே சிவகாசியில், கோயிலுக்குள் போகும் உரிமை கேட்டதன் பேரில் நாடார் மக்கள் மேல் பகை மூண்டு, ஊரே கொள்ளைக்கும் நெருப்புக்கும் இரையாயிற்று. எந்தச் சாமியைக் கிட்டப் போய்ப் பார்க்கக்கூடாது என்று தடுத்தார்களோ, அந்தச் சாமியையே பிறகு சிவகாசி அச்சுக்கூடங்கள் லட்ச லட்சமாக வர்ணத்தில் அடித்து இந்தியா தேசம் முழுவதும் சுவரில் மாட்டின. கோவில்பட்டியில் இருந்த ஓவியர் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் சரஸ்வதியும் இந்த ஊர் யந்திரத்திலிருந்து போகாத கடையுண்டா? அவர்களுடைய கைத்திறமையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. இவ்வளவு திறமை இருந்தும், அந்தச் சுவரில் ஒரு விஞ்ஞானப் படத்துக்கு இடம் எங்கே என்றுதான் கேட்கின்றோம்.

இவ்விடத்தில் புத்தகம் கட்டும் தோழர்களுக்கு ஒரு சேதி. கில்ரே படம் போட்ட பத்து வருஷத்துக்குப் பிறகு அதே மண்டபத்தில் டேவியின் விரிவுரையைக் கேட்க ஒரு பையன் வந்தான். கருமான் மகன். புத்தகம் தைத்து அட்டை கட்டும் கடையில் வேலை பழகியவன். கடைக்கு வந்த வாடிக்கைக்காரர் ஒருவர் இனாமாகக் கொடுத்த டிக்கட்டினால் உள்ளே நுழைந்தான். கேட்டதையெல்லாம் எழுதித் தன் கையாலேயே புத்தகமாகக் கட்டி டேவிக்கு அனுப்பினான். 1813ல் அவருக்கு உதவியாளனானான். அவன்தான் மைக்கேல் ஃபாரடே. 1831ல் அவன் கண்டுபிடித்த தத்துவத்தினால்தான் இன்றைக்கு உலகத்தில் மின்சார யந்திரங்கள் ஓடுகின்றன. சிவகாசி அச்சு யந்திரமும் ஓடுகிறது. பிற்காலத்தில் அவனே பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்துக்கொண்டு, அது ஏன் எரிகிறது என்பதைப் பற்றி ஆறு விரிவுரைகள் செய்தான். பெயர்க்கப்பட்ட படிக்கட்டில் ஏறவேண்டிய ஒருவன், ஒரு டிக்கட்டின் தயவால் உள்ளே வந்ததற்கே இவ்வளவு பலன். டிக்கட் கிடைக்காத ஃபாரடேக்கள் எத்தனை பேர் இன்றைக்குச் சிவகாசியில் நோட்டுக்கு அட்டை ஒட்டிக்கொண்டும், திரி கட்டிக்கொண்டும் இருக்கிறார்களோ, யார் கண்டார்கள்?

அந்த ஃபாரடேயையும் கேலிச் சித்திரக்காரர்கள் விடவில்லை. 1855ல் அவர் தேம்ஸ் நதியில் வெள்ளை அட்டைத் துண்டுகளைப் போட்டு, தண்ணீரில் சிறிது மூழ்கியவுடனேயே அவை கண்ணுக்குத் தெரியாமல் மறையும் அளவுக்கு ஆறு சாக்கடையாகிவிட்டது என்று காட்டிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். உடனே "பஞ்ச்" பத்திரிகை, ஃபாரடே மூக்கைப் பிடித்துக்கொண்டு அழுக்கு மேனியனான தேம்ஸ் கிழவனிடம் தன் பெயர்ச்சீட்டை நீட்டுவதாகப் படம் போட்டது. அந்தச் சிரிப்பு யாரைக் குத்திற்று? ஆற்றை நாறவிட்ட அதிகாரிகளைக் குத்திற்று. மூன்று வருஷத்தில் நாற்றம் பார்லிமெண்டுக்குள்ளேயே புகுந்த பிறகு பெரிய சாக்கடைத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கினார்கள். கேலிச் சித்திரம் விஞ்ஞானத்துக்குச் சத்துரு அல்ல, நல்ல கையில் இருந்தால் அதற்குத் துணை என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆகையால் நமது தோழர்களுக்கு நாம் சொல்லிக்கொள்ளுவது இதுதான். புகார் மனு எழுதும் காகிதத்தில் வேறு காரியம் செய்யுங்கள். காட்சிகளை ஊர்ச் சாவடியோடு நிறுத்தாமல், வேலை விட்டு வருகிற பெண்கள் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்துக்குக் கொண்டுபோங்கள். சாமியார் வித்தை இரண்டு காட்டினால், தொழிலைப் பற்றி நாலு காட்டுங்கள். சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் விட்டு, நெருப்பில்லாமலே கொதிக்கிறதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லாமல் கண்ணால் பார்க்கச் சொல்லி, ஈரம் பட்டால் சில சரக்குகள் தாமே சூடேறும் என்பதை விளக்குங்கள். அலுமினியப் பொடி கலந்த மருந்தை இராத்திரிக்கு ஏன் மீத்து வைக்கக்கூடாது என்பது அப்பொழுது ஒவ்வொருவருக்கும் விளங்கும். நைலான் துணியில் சீப்பைத் தேய்த்துக் காகிதத் துணுக்குகளைத் துள்ளவைத்து, மருந்து அறைக்குப் பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும் என்று சட்டம் சொல்லுவதன் காரணத்தைக் காட்டுங்கள். சொல்லி முடித்தவுடன் கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்காமல், பார்த்தவர்களில் ஒரு பெண்ணை மேடைக்கு அழைத்து, அவள் வாயால் காரணத்தைச் சொல்லச் சொல்லுங்கள். அவள் சொன்னால்தான் அன்றைய காட்சி நடந்ததாகக் கணக்கு.

ஓவியத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம்மைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நீங்களும் சிரிக்கச் சிரிக்கப் படம் போடுங்கள். நம்மையும் சேர்த்தே போடுங்கள். இரும்புக் கரண்டியால் மருந்தைச் சுரண்டிவிட்டு எமகண்டம் பார்க்கிற மேஸ்திரியைப் போடுங்கள். வாசலில் திருஷ்டிப் பொம்மையைக் கட்டிவிட்டு, அறையில் ஆட்களை நெருக்கி உட்காரவைக்கிற முதலாளியைப் போடுங்கள். முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுச் சோதனைக்கு வருகிற அதிகாரியைப் போடுங்கள். அச்சுக்கு எந்த ஊருக்கும் போகவேண்டியதில்லை. உலகத்துக்கெல்லாம் காலண்டர் அடிக்கிற ஊர் இது. ஒரு தாள் அடித்து, மருந்து அறைக்கு வெளியே, சாமி படம் மாட்டுகிற ஆணிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டுங்கள். சாமி படத்தைப் பார்த்துத் தொழிலாளி கையைக் கூப்புவான். இந்தப் படத்தைப் பார்த்தால் சிரிப்பான். சிரித்தவன் ஒரு தரமாவது தன் கையிலிருக்கிற கரண்டி இரும்பா, மரமா என்று குனிந்து பார்ப்பான்.

அவனைக் குனிந்து பார்க்கச் செய்கிற படம் எவருடைய கையிலிருந்து வந்தாலும், அது நம்மைப் பரிகாசம் செய்கிற கையாகவே இருந்தாலும், அதை வரவேற்க வேண்டியது நம் தோழர்களின் கடமை என்று தெரிவித்துக்கொள்ளுகிறோம்.